மாம்பலம் வரை பரஸ்தானம்

கருவேலங்குடிக்குப் போக வேண்டிய ரயில் மாம்பலத்தோடு நின்றுவிட்டது என்றால், இன்ஜின் கோளாறு, சிக்னல் கோளாறு என்று எதையாவது நினைத்துக்கொள்வீர்கள். ஒரு கோளாறும் இல்லை. இன்ஜின் நன்றாக இருந்தது. ராமநாதபுரம் ஜில்லா வரைக்கும் தண்டவாளம் வெள்ளைக்காரன் போட்டது போட்டபடி கிடந்தது. டாக்டர் இருந்தார், மருந்து இருந்தது, நான் இருந்தேன். வண்டியைப் பிடித்து நிறுத்தி வைத்தது வேதாந்தம் சாரின் பஞ்சாங்கம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் வெரோனிகா. ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து மேட்ரனாக ஓய்வு பெற்றவள். வீடு சாந்தோமில். ஓய்வுக்குப் பிறகு காலையில் பூசை, மாலையில் ஜெபமாலை, நடுவில் மருமகளோடு வாக்குவாதம் என்று பொழுது போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் வேதாந்தம் சார் சொல்லி அனுப்பினார். அவரும் ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்தான். மயிலாப்பூர் மாடவீதியில் வீடு. மயிலை ஆரோக்கிய சேவா சபை என்று ஒன்றை ஆரம்பித்து, தானே தலைவராகவும் இருந்தார். ஆஸ்பத்திரியே இல்லாத ஊர்களுக்கு ரயிலிலேயே ஆஸ்பத்திரியைக் கொண்டுபோவது சபையின் லட்சியம். நல்ல லட்சியம்தான், அதில் நான் குறை சொல்லவில்லை.

ரயில்வே இரண்டு பழைய பெட்டிகளைக் கொடுத்தது. ஒன்றில் பல் நாற்காலி, எக்ஸ்ரே, வெந்நீர்க் கொதிகலன். இன்னொன்றில் கண், காது, சின்னச் சின்ன ஆபரேஷன்கள். பின்னால் ஜெனரேட்டருக்கு ஒரு வேகன். வெளியே மஞ்சள் பெயின்ட் அடித்து, ‘ஆரோக்கிய ரதம்’ என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள். கண், காது டாக்டர்கள் போகிற ஊருக்கே நேராக வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. பல் டாக்டர் ஜெயராம் ஆழ்வார்பேட்டையில் கிளினிக் வைத்திருப்பவர். கைராசிக்காரர், ஆனால் வேதாந்தம் சாரின் ரயில்வே நண்பர் பிள்ளை என்பதால் அவர் எதிரில் வாயைத் திறக்கமாட்டார். அடுத்தவர் வாயைத் திறப்பதோடு சரி. பெட்டிகளைக் கூட்டிப் பெருக்கி, ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளக் கபாலி. அவன் மேற்கு மாம்பலத்துக்காரன்.

முதல் ஊர் கருவேலங்குடி. அந்த ஊரில் பாசஞ்சர் வண்டி மட்டும் நிற்கும், அதுவும் நின்றோம் என்று பேர் பண்ணிவிட்டுப் போய்விடும். வேதாந்தம் சாரும் அவர் சம்சாரம் காமாக்ஷி மாமியும் முன்கூட்டியே ஜீப்பில் போய் ஊரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். போன இடத்தில் ‘முதல் நோயாளி’ என்று ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் தங்கபுஷ்பம், சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். வலது கன்னம் கொழுக்கட்டை வைத்த மாதிரி வீங்கியிருந்தது. காமாக்ஷி மாமி அவளை வெயிலில் நிற்க வைத்து, வீக்கம் தெரிகிற பக்கமாகத் திரும்பச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார். “நாங்க வர வரைக்கும் வேற எங்கேயும் போய்ப் பல்லைப் பிடுங்கிண்டுடாதேம்மா” என்று வாக்கும் வாங்கிக்கொண்டார். அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி, ‘இவருக்காகப் புறப்படுகிறது ஆரோக்கிய ரதம்’ என்று எழுதிப் பல் பெட்டியின் பக்கவாட்டில் மாட்டினார்கள். கலெக்டர் முன்னிலையில் அவள் பல்லைப் பிடுங்கித்தான் துவக்க விழா என்று அழைப்புப் பத்திரிகையும் அடித்தாயிற்று.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ரயில்வேக்காரர்கள் எழும்பூரிலிருந்து புறப்பட ஒரு நாள் ஒதுக்கிக் கொடுத்தார்கள். அது வியாழக்கிழமையாகப் போயிற்று.

“வியாழக்கிழமை தெற்கே சூலம், மேட்ரன். தெரிஞ்சுண்டே கிளம்பலாமோ?” என்றார் வேதாந்தம் சார்.

“தினமும் நூறு வண்டி தெற்கே போகுது சார். அதுல வியாழக்கிழமை வண்டியும் உண்டு.”

“அதெல்லாம் சும்மா போற வண்டி. இது தர்ம காரியம்.”

மயிலாப்பூரில் பழைய வீடுகளில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல வேளையில் துணிப்பெட்டியை எடுத்துப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். அப்போதே பிரயாணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். அப்புறம் சில நாள் கெடுவுக்குள் எந்த நாளில் கிளம்பினாலும் சூலம் ஒன்றும் செய்யாது. வைத்த பெட்டியைத் திரும்ப வீட்டுக்குள் எடுத்து வரக் கூடாது, அவ்வளவுதான். துணிப்பெட்டிக்கு இது சரி. இந்த மனுஷர் ரயில் பெட்டிக்குச் செய்தார்.

புதன்கிழமை காலை நல்ல நேரத்தில், தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, எழும்பூரிலிருந்து வண்டியை இழுத்துக்கொண்டு வந்து மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டிய உபரித் தண்டவாளத்தில் விட்டார்கள். ரயில்வேயில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் இன்னும் இருந்ததால் இதெல்லாம் ஒரு டெலிபோனில் நடந்தது. மறுநாள் வியாழக்கிழமை, நாங்கள் எல்லோரும் பெட்டி படுக்கையோடு ஏறி உட்கார்ந்தோம். இன்ஜின் வரவில்லை. மத்தியானம் வரை பார்த்துவிட்டு வேதாந்தம் சார் ஸ்டேஷன் மாஸ்டர் அறையிலிருந்து போன் போட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். போனில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். எழும்பூரில் வியாழக்கிழமை ஒரு ஸ்பெஷல் புறப்பட வேண்டும், ஆனால் எழும்பூரில் அப்படி ஒரு வண்டியே இல்லை, அது புதன்கிழமையே புறப்பட்டுவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது, புறப்பட்ட வண்டிக்கு மறுபடி எப்படி சார் புறப்பாடு கொடுப்பது என்று கேட்டார். இன்ஜினையும் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம்.

ஆக, பஞ்சாங்கத்தின்படியும் வண்டி புறப்பட்டாயிற்று, ரயில்வேயின்படியும் புறப்பட்டாயிற்று. வண்டி மட்டும் மாம்பலத்தில் நின்றது. இவரோ ரயில்வேயிலேயே ஆயுசைக் கழித்தவர். அவருக்கு இது தோன்றாமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் அழகு. மற்ற நாட்களில் லைன் நிரம்பி வழிகிறது, வியாழக்கிழமை மட்டும்தான் இடம் இருக்கிறது என்றார்கள். வேதாந்தம் சார் வீட்டுக்குப் புரோகிதம் பண்ணும் வாத்தியாரைக் கேட்டார். வைத்த பரஸ்தானத்துக்குக் கெடு தாண்டிவிட்டது, அதனால் இனிமேல் வியாழக்கிழமை கிளம்பினால் சூலம் சூலம்தான் என்றார் வாத்தியார். சரி, எழும்பூருக்கே திரும்பிப் போய் முதலிலிருந்து ஆரம்பிக்கலாமே என்றால், பரஸ்தானம் வைத்ததைத் திருப்பி எடுத்துவரக் கூடாதாம். முன்னாலும் போகக் கூடாது, பின்னாலும் போகக் கூடாது. பங்குனியில் வந்த வண்டி சித்திரை பிறந்தும் அங்கேயே கிடந்தது. தகரக் கூரை சூட்டில் உள்ளே உட்கார்ந்தால் வெந்துவிடுவோம்.

சும்மா நிற்கிற வண்டியில் டாக்டரும் சும்மா இருப்பானேன் என்று காமாக்ஷி மாமிக்கு ஒரு நாள் யோசனை வந்தது. தேருக்கு வெள்ளோட்டம் விடுகிறார்கள் இல்லையா, அதைப்போல இதற்கும் ஒரு வெள்ளோட்டம். கருவிகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாமாம். முதலில் மாமியின் நாத்தனார் வந்து பல் சுத்தம் பண்ணிக்கொண்டார். அப்புறம் நாத்தனாரின் சம்பந்தி. அப்புறம் கச்சேரிக்கு அமெரிக்கா போகிற ஒரு பாட்டுக்காரர். ரங்கநாதன் தெருவில் புடவை வாங்க வந்தால், அப்படியே மாம்பலம் ஸ்டேஷனுக்குள் நடந்து பல்லையும் காட்டிவிட்டுப் போனார்கள். டாக்டர் ஜெயராமுக்கும் சௌகரியம். காலையில் இங்கே தலையைக் காட்டிவிட்டுச் சாயங்காலம் ஆழ்வார்பேட்டை கிளினிக்குக்குப் போய்விடலாம்.

ஸ்டேஷன் படிக்கட்டில் பூ விற்கிற பெண் ஒரு நாள் கடைவாயைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவளைப் பார்த்து வேதாந்தம் சார், “இது தொலைதூரத்து ஜனங்களுக்கான வண்டிம்மா. நீ உள்ளூர்” என்று நயமாகச் சொல்லி அனுப்பிவிட்டார். கபாலி என்னிடம் வந்தான்.

“மாடவீதிலேர்ந்து கார்ல வந்து எறங்குறவங்க இன்னா மேட்ரன்மா, தொலைதூரமா?”

“வாயை மூடிக்கினு வேலையைப் பாரு” என்றேன். அவன் கேட்டது நியாயம் என்பதால்தான் எனக்குக் கோபம் வந்தது.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். கபாலி ஓடி வந்தான்.

“மேட்ரன்மா, போஸ்டர்ல கீறாங்களே, அந்தம்மா நேர்லயே வந்துக்கினு கீறாங்க.”

இறங்கிப் பார்த்தேன். தன் படத்துக்குக் கீழே, ஜல்லிக் கல்லின் மேல் தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள். தாடையைச் சுற்றித் துணி கட்டி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தாள். படத்தில் இருந்ததைவிட வீக்கம் பெரிது. உடம்பு அனலாகக் கொதித்தது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது, பேச்சும் அதன் வழியாகத்தான் வந்தது.

“எழும்பூருக்குத்தாம்மா டிக்கெட்டு எடுத்தேன். அங்கன போயி விசாரிக்கலாம்னு. சன்னல்ல பாத்தா என் மூஞ்சி தெரியுது. எறங்கிட்டேன்.”

எதற்கு வந்தாள் என்று நான் கேட்பதற்குள் வேதாந்தம் சார் வந்துவிட்டார். அவளைப் பார்த்ததும் அவர் முகம், சமையல் ஆகாத வீட்டில் விருந்தாளியைக் கண்ட முகமாகிவிட்டது.

“நீங்க எதுக்கு வந்தேள்? நாங்கதான் வரோம்னு சொல்லியிருக்கோமே.”

“வரலீங்களேய்யா.”

“வந்துண்டே இருக்கோம். வண்டி கிளம்பி எத்தனை நாளாச்சு தெரியுமோ?”

அவள் வண்டியைப் பார்த்தாள், ரங்கநாதன் தெருப் பக்கம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“சார், வந்ததுதான் வந்துட்டா. இங்கேயே டாக்டர் ஒரு தடவை பார்த்துடட்டும்” என்றேன்.

“அதெப்படி மேட்ரன்? கலெக்டர் வரேன்னிருக்கார். முதல் சிகிச்சை இவாளுக்குன்னு பத்திரிகையில போட்டாச்சு. இங்கேயே பிடுங்கிட்டா அங்க போய் யாருக்குப் பண்றது?”

“அந்த ஊர்ல பல்லு இருக்கறவ இவ ஒருத்திதானா சார்?”

“படம் இவாளோடதாச்சே?” என்றார். அவர் கேட்டதில் துளி வன்மம் கிடையாது, அதைச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு நிஜமாகவே நான் கேட்டது புரியவில்லை. அவளுக்கு ஹோட்டலிலிருந்து காபி வாங்கி வரச் சொன்னார். சாயங்கால பாசஞ்சருக்குத் தானே டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொன்னார். “ஊருக்குப் போய் நிம்மதியா இருங்கோ. நல்ல நாள் ஒண்ணு தகைஞ்சதும் வண்டி வாசல்ல வந்து நிக்கும்” என்றார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். ராகு காலத்தில் அவர் அந்த வண்டியின் படியில் கால் வைக்கமாட்டார், சபைக்காரர்கள் யாரையும் வைக்கவும் விடமாட்டார். குடையை விரித்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

அவள் காபியை ஒரு பக்கமாகச் சாய்த்து, உறிஞ்சத் தெரியாத குழந்தைபோலக் குடித்தாள். பாதி மடியில் வழிந்தது.

“தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கக் கூடாதா? இந்த வீக்கத்தை வெச்சுக்கிட்டு ஏன் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தே?” என்று சத்தம் போட்டேன். கோபம் அவள் மேல் இல்லை.

“புடுங்கக் கூடாதுன்னு அந்தம்மா வாக்கு வாங்குனாகளே.” பிறகு மெதுவாகச் சொன்னாள். “அதோட பயந்தேன். எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தாம்மா. கன்னத்துலதான் ஆரம்பிச்சுச்சு. மதுரைக்குக் கொண்டு போகையிலேயே முத்திப்போச்சுன்னுட்டாக. இதுவும் அதுதான்னு எனக்குத் தெரியும். சத்துணவுல எனக்கு அடுத்து நிக்கிறவளுக்கு உப்பு, புளியெல்லாம் கைக்கணக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். ஆட்டைத் தங்கச்சிட்ட விட்டாச்சு. இருந்தாலும் ஒரு டாக்டரு வாயால கேட்டுட்டா நல்லதுன்னுதான் வந்தேன்.”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சாவு வருகிறதா இல்லையா என்று கேட்டுப் போக ஒருத்தி ராத்திரி முழுக்க ரயிலில் வந்திருக்கிறாள். அவளை வாசலில் உட்கார்த்தி வைத்துவிட்டுப் பாட்டுக்காரரின் பல்லை நாங்கள் பளபளப்பாக்கிக்கொண்டிருக்கிறோம். நேராக டாக்டர் ஜெயராமிடம் போனேன். அவர் ஃபேனுக்கு அடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர், எழுந்திருங்க. ஒரு வாயைப் பார்க்கணும்.”

“அந்த அம்மாதானே? வேதாந்தம் மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுண்டு...”

“ராகு காலம் முடியற வரைக்கும் உங்க மாமா இந்தப் பக்கம் வரமாட்டார். உங்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.”

“அவர் வந்து கேட்டா?”

“நான் பதில் சொல்லிக்கறேன். உங்களை நான் சின்ன வயசுலேர்ந்து பார்க்கறேன், உங்களுக்கு நல்ல கை. அந்தக் கையை வெச்சுக்கிட்டு மாமிக்குச் சுண்ணாம்பு சுரண்டிக்கிட்டு இருக்கீங்களே, உங்களுக்கே அலுக்கலையா?”

அவர் பேப்பரை மடித்தார். கை கழுவப் போனார். கபாலியைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தங்கபுஷ்பத்தை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

அவளுக்கு அந்த நாற்காலியில் சாயத் தெரியவில்லை, நுனியிலேயே உட்கார்ந்துகொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயராம் மெதுவாக மரத்துப்போக ஊசி போட்டார், பொறுமையாகக் காத்திருந்தார், தாடையைத் துளித்துளியாகத் திறந்தார். விளக்கைத் திருப்பிக் கன்னத்தின் உள்பக்கம், நாக்கு, நாக்குக்கு அடி எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. மாதாவே மாதாவே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“உங்க வீட்டுக்காரருக்கு வந்தது இது இல்லைம்மா” என்றார் ஜெயராம். “பல்லு எப்பவோ உடைஞ்சு வேர் மட்டும் உள்ள நின்னுடுத்து. அதுல சீழ் வெச்சிருக்கு. வேற ஒண்ணும் இல்லை.”

அவள் நம்பவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

“நல்லாப் பாத்தீகளாய்யா?”

“நன்னாப் பார்த்தேன்.”

பிறகு நடந்தது வழக்கமான வேலை. கீறிவிட்டதும் சீழ் வடிந்தது, நாற்றம் பெட்டி முழுக்க நிறைந்தது. இடுக்கியை வைத்து ஒரு திருகு, வேர் வந்துவிட்டது. சுண்டு விரல் நகத்தளவுகூட இல்லை. ஒரு காபி குடிக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்தது. இந்த நகத்தளவுக்காக அவள் ஆட்டைக் கொடுத்தாள், சமையலைக் கொடுத்தாள், தன்னை முடித்துக்கொள்ளத் தயாராகிவிட்டாள். எங்கள் ஆட்கள் ஜீப்பில் போன அன்றைக்கே ஒரு டாக்டரையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் தீர்ந்திருக்கும். காமிராவைத்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு அவள் அழுதாள். அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நானும் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஜெயராம் முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய கையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள். எழுந்து நின்றவள், படியில் இறங்கப் போய், நின்றுவிட்டாள்.

“அம்மா, எனக்குச் சரியாப் போச்சுன்னு அந்த ஐயாவுக்குத் தெரிஞ்சா, வண்டி எங்க ஊருக்கு வருமா?”

பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. “கஷ்டம்தான். உன் படத்தை எடுக்கணும், வேற ஆளைத் தேடணும், பத்திரிகையை மாத்தி அடிக்கணும், கலெக்டரை மறுபடி பிடிக்கணும். அதுக்குள்ள அடுத்த பங்குனி வந்துடும்” என்றேன்.

“அப்பக் கூடாதும்மா. ஊரே காத்துக் கெடக்கு. எங்க பெரியாத்தாளுக்கு ரெண்டு கண்ணும் பூ விழுந்துபோச்சு, அதால மெட்ராசுக்கு வர முடியுமா? மேலத்தெருப் புள்ளைக்குக் காதுல சீழ் வடிஞ்சுக்கிட்டே இருக்கு. நீ போயி என்னான்னு கேட்டுட்டு வான்னுதானே டிக்கெட்டுக்குக் காசு போட்டு என்னைய அனுப்புனாக. நான் மட்டும் வைத்தியம் பாத்துக்கிட்டு வண்டி வராதுன்னு போயிச் சொல்லவா?”

அப்படிச் சொல்லிவிட்டு, நான் அவிழ்த்துப் போட்டிருந்த துணியை எடுத்தாள். முகம் பார்க்கிற கண்ணாடிக்கு எதிரில் நின்று தாடையைச் சுற்றிக் கட்டி, முன்னைவிட இறுக்கமாக உச்சியில் முடிச்சுப் போட்டாள். வீக்கம் உடனே வற்றிவிடாது, இரண்டு மூன்று நாளாவது ஆகும். மருந்தின் மரத்தலில் உதடும் ஒரு பக்கம் கோணிக்கொண்டிருந்தது. பார்ப்பதற்குக் காலையில் வந்ததைவிட மோசமாகவே இருந்தாள்.

“டாக்டரய்யா, நீங்க சொல்லிருவீகளா?”

ஜெயராம் என்னைப் பார்த்தார். “என்னைக் கேட்டா, நான் யார் வாயையும் பார்க்கலை. இப்ப ராகு காலம்” என்றார். அந்தப் பிள்ளை அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் பாசஞ்சருக்கு அவளை ஏற்றிவிட நானும் வேதாந்தம் சாரும் பிளாட்பாரத்தில் நின்றோம். டிக்கெட்டை அவரே எடுத்திருந்தார், வழிக்கு வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் குனிந்து பார்த்தார்.

“வலி எப்படி இருக்கு?”

அவள் கண்ணை மூடி, ‘ம்ஹும்’ என்று ஒரு முனகல் முனகினாள். எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகமாகப் போயிற்று.

“பொறுத்துக்கோங்கோ. இன்னும் கொஞ்ச நாள்தான்.”

“வர்ற வியாழக்கெழம வந்துருவீகளாய்யா?”

“வியாழக்கிழமை தெற்கே சூலமா இருக்கேம்மா. வைகாசி பொறக்கட்டும், ஒரு நல்ல நாளா பார்த்து...”

“அப்பச் சரிங்கய்யா.” பேச்சு குழறியது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழுந்தது. “வியாழன் வரைக்கும் பாப்பேன். வண்டி வரலேன்னா வெள்ளிக்கெழம காலைல மதுரைக்குப் போயிப் புடுங்கிக்கிருவேன். எங்க தம்பி டாக்டரெல்லாம் பாத்து வச்சிருக்கான்.”

வேதாந்தம் சாரின் கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. “என்னம்மா இப்படிச் சொல்றேள்? பத்திரிகையில போட்டாச்சே. கலெக்டர் வராரே.”

“வலி தாங்கலைய்யா. நான் என்ன செய்ய.”

நான் குறுக்கே விழுந்தேன். “அவ சொல்றதும் நியாயம்தானே சார். எவ்வளவு நாள் தாங்குவா? மதுரையில பிடுங்கிட்டா நமக்குத்தான் அசிங்கம். படத்துல வீக்கம், ஆளுக்கு வீக்கம் இல்லை. பேப்பர்காரங்க சும்மா விடுவாங்களா?”

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வானத்தைப் பார்த்தார். சிக்னல் இறங்கியது. கார்டு விசில் ஊதினார்.

“இருங்கோ, இருங்கோ” என்றார் வேதாந்தம் சார், வண்டியோடு கூடவே நடந்துகொண்டு. “எல்லாத்துக்கும் பரிகாரம் இருக்கு. வியாழக்கிழமைக்குத் தைலம். உச்சந்தலையில ரெண்டு சொட்டு எண்ணெய் வெச்சுண்டு கிளம்பிட்டா சூலம் ஒண்ணும் பண்ணாது. வியாழக்கிழமை வந்துடறோம். அதுவரைக்கும் அதைத் தொடாமப் பத்திரமா வெச்சுண்டிருங்கோ.”

“வச்சிருக்கேங்கய்யா” என்றாள் தங்கபுஷ்பம், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு.

ரெண்டு சொட்டு எண்ணெய். முதல் வியாழக்கிழமையே அது அவர் வீட்டுக் குளியலறையில் இருந்திருக்கும். கேட்டுவிட நாக்கு துடித்தது. கேட்டால் மனுஷர் மறுபடி வாத்தியாரிடம் போய் நிற்பார் என்று அடக்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை இன்ஜின் வந்தது. வேதாந்தம் சாருக்கு உச்சியில் வைத்த எண்ணெய் நெற்றி வழியாக இறங்கி மூக்குக் கண்ணாடியை மங்கலாக்கியிருந்தது. காமாக்ஷி மாமி ஆரத்தி எடுத்தார். அன்றைக்கு மத்தியானம் பல் சுத்தம் பண்ணிக்கொள்ள நேரம் வாங்கியிருந்த இரண்டு பேர் பிளாட்பாரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். வண்டி அசைந்தபோது கபாலி என்னிடம், “நெசமாவே போறோமா மேட்ரன்மா?” என்று கேட்டான். பெரியாத்தாளின் கண்ணை நினைத்துக்கொண்டேன்.

சைதாப்பேட்டை தாண்டியது, தாம்பரம் தாண்டியது. வேதாந்தம் சார் மட்டும் நிலைகொள்ளாமல் பெட்டிக்குள் நடந்துகொண்டே இருந்தார். செங்கல்பட்டுக்குப் பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“மேட்ரன், அந்தம்மா அதுக்குள்ள வேற எங்கேயும் போய்ப் பிடுங்கிண்டிருக்க மாட்டாளே?”

பக்கத்தில் ஜெயராம் ஜன்னலுக்கு வெளியே எதையோ உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

“மாட்டா சார்” என்றேன். “அந்த ஊர்க்காரங்க வரேன்னா வருவாங்க, செய்யறேன்னா செய்வாங்க. நம்மள மாதிரி இல்லை.”

“அதுதான் வேணும்” என்று சொல்லிவிட்டு, அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.